நடனக்கூடத்தில் விழுந்த மின்னல்

1

போன வாரம் திண்டுக்கல்லிலிருந்து காதர் பாய் கூப்பிட்டார். பேகம்பூர் பக்கம் ஸ்டுடியோ வைத்திருப்பவர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவன் நான், ஜெர்மனிக்கு விமானம் ஏறும் வரைக்கும் அவரிடம்தான் இருந்தேன். வழக்கமாக இரண்டு வார்த்தை நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவார். அன்றைக்குக் குரலில் எரிச்சல் இருந்தது.

“ஏலே அப்பு, இங்க இப்ப ரிசப்ஷனுக்கு டி.ஜே. வைக்கிறானுகடா. மண்டபத்துல இருக்குற அம்புட்டு லைட்டையும் அணைச்சுப்புட்டு ஆடுறானுக. நம்ம பயலுக எடுக்குற படத்துல மூஞ்சி மட்டும் சுண்ணாம்பு அடிச்ச செவரு மாதிரி நிக்கிது, சுத்தி ஒண்ணையும் காணோம். நீ அந்த மாதிரி எடத்துலதான வேல பாக்குற? எப்புடி எடுக்குறன்னு ஒழுங்கா எழுதி அனுப்பு.”

“போன்லயே சொல்றேன் பாய்.”

“போன்ல சொன்னா எனக்கு மறந்துரும். எழுது.”

எழுத உட்கார்ந்தேன். இருட்டில் பிளாஷ் அடிக்கும் விதத்தை எழுதினால் போன ஐப்பசியில் எனக்கு நேர்ந்ததையும் எழுதித்தான் ஆக வேண்டும் என்று நாலு வரியிலேயே தெரிந்துவிட்டது. எனவே பாய் கேட்டதைவிட இது கொஞ்சம் நீளம்.

2

என் மனைவி ஜெயந்தி ஒட்டன்சத்திரத்துப் பெண், நர்ஸ். இங்குள்ள ஒரு மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்தது. நானும் மகள் கயலும் அவள் பின்னால் வந்தோம். விசாவில் என் தகுதி ‘கணவர்’ என்பதுதான். நாங்கள் இருக்கும் ஊருக்குப் பெயர் எஸ்ஸன். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சாப்பிடுவது, சாப்பாடு என்று அர்த்தம். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “பேரே சோறா? அப்ப பட்டினி கெடக்க மாட்ட, போயிட்டு வா” என்று உடனே சம்மதித்துவிட்டார்.

முதல் இரண்டு வருடம் கேமராவுக்கு வேலையில்லை. கடையொன்றில் அட்டைப்பெட்டி பிரித்து அடுக்கினேன். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் மூலமாக ஒரு நடனக்கூடத்தில் படம் எடுக்கும் வேலை வந்தது. பழைய இரும்பாலையின் கொதிகலன் கூடம் அது. சுவர், கூரை எல்லாம் கறுப்பு. வார இறுதியில் அங்கே இளவட்டங்கள் வந்து ஆடுவார்கள். வந்தவர்களைப் படமெடுத்து மறுநாள் கூடத்தின் இணையப் பக்கத்தில் போடுவதுதான் என் பொறுப்பு.

கல்யாணத்தில் பிளாஷ் தலையை மேலே திருப்பி வெள்ளைக் கூரையில் அடிப்போம். வெளிச்சம் மெத்தென்று எல்லோர் மேலும் இறங்கும். இங்கே கூரையில் அடித்த வெளிச்சம் திரும்பி வரவே இல்லை. நேராக அடித்தேன். மேலாளர் ஸ்டெஃபான் படங்களைக் கணினியில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கடைசியில் கேட்டார்: “முகமெல்லாம் நன்றாக இருக்கிறது. ராத்திரி எங்கே?”

பாய், உங்கள் பையன்களிடமும் இதையே கேளுங்கள். பிளாஷைக் கூட்டக் கூட்ட முகம் வெளுக்கும், மண்டபம் மறையும். நான் செய்வது இது. ஷட்டரைக் கால் நொடி அளவுக்குத் திறந்து வைப்பேன். அந்த நேரத்தில் மேடை விளக்குகள், அவற்றின் நிறம், ஆடுகிறவர்களின் அசைவு எல்லாம் கோடு கோடாகப் படத்தில் இறங்கும். ஷட்டர் மூடப்போகிற கடைசிக் கணத்தில் பிளாஷ் அடிக்கும்படி கேமராவில் ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் வைத்துவிட்டு பிளாஷின் பலத்தை நன்றாகக் குறைத்துவிடுவேன். கால் நொடியின் அசைவு கோடாக வந்து நிற்கும், அது முடிகிற இடத்தில் ஆள் தெளிவாக உறைந்து நிற்பார். இருட்டில் கேமரா தானாக ஃபோகஸ் தேடித் திணறும், அதனால் கைநீட்டும் தூரத்தைவிடச் சற்றுத் தள்ளிக் கையாலேயே ஃபோகஸை நிறுத்திவிட்டு, அந்தத் தூரத்துக்கு நான் போய் நிற்பேன். இன்னொன்று: கேட்காமல் எடுக்கக் கூடாது. இங்கே அது சட்டம். பேச்சு காதில் விழாத இடம், அதனால் கேமராவைத் தூக்கிக் காட்டிப் புருவத்தை உயர்த்துவேன். தலையாட்டினால் எடுப்பேன்.

ஊரில் யாரும் தலையாட்டக் காத்திருக்க மாட்டார்கள். “எங்களைய எடுக்கலையே” என்றுதான் சண்டைக்கு வருவார்கள்.

3

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. வாசலில் எல்லோருக்கும் பச்சையாக ஒளிரும் வளையம் ஒன்றைக் கொடுத்து மணிக்கட்டில் மாட்டச் சொன்னார்கள். உள்ளே இருட்டில் நூற்றுக்கணக்கான பச்சை வளையங்கள் சுழன்றுகொண்டிருந்தன. என் வகைப் படத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? சந்தோஷமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

மேடைக்குச் சற்றுத் தள்ளி நாலைந்து பெண்கள் சேர்ந்து ஆடினார்கள். கேமராவைத் தூக்கிக் காட்டினேன். சிரித்துக்கொண்டே எல்லோரும் தலையாட்டினார்கள். நடுவில் நின்றவள் குட்டை முடிக்காரி. எடுத்தேன். பிளாஷ் அடித்து ஓய்ந்த மறுகணம் அந்தக் குட்டை முடிப் பெண் தரையில் கிடந்தாள்.

தோழி ஒருத்தி அலறினாள். கூடத்தின் முதலுதவிக்காரர்கள் இரண்டு பேர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்கள். என்ன நடந்தது என்று ஒருவர் என்னைப் பார்த்துக் கத்தினார். நான் பதில் சொல்லியாக வேண்டும். பிளாஷுக்கு ஜெர்மனில் ‘ப்ளிட்ஸ்’ என்று படித்திருந்தேன். “ப்ளிட்ஸ்! அவளை ப்ளிட்ஸ் அடித்துவிட்டது!” என்று நானும் கத்தினேன்.

ப்ளிட்ஸ் என்றால் மின்னல் என்றும் அர்த்தம். சொல்லப்போனால் அதுதான் முதல் அர்த்தம். கூரைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்த பெண்ணின் மேல் மின்னல் விழுந்துவிட்டதாக நான் சொல்லியிருந்தேன். அந்த மனிதர் ஒரு விநாடி கூரையைப் பார்த்தார். அடுத்து மேடைக்கு ஓடும் வயர்களைப் பார்த்தார். மின்சாரம் எங்கோ கசிகிறது என்று முடிவு செய்து, “மெயினை அணை!” என்று ஸ்டெஃபானை நோக்கிக் கூவினார்.

பாட்டு பாதியில் அறுந்தது. வண்ண விளக்கெல்லாம் போய் அவசர விளக்குகள் எரிந்தன. அந்த வெளிறிய வெளிச்சத்தில் வியர்வையோடு நின்ற அத்தனை பேரும் என் பக்கமே பார்ப்பதுபோல் இருந்தது. அவளை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிப் போனார்கள். கண் பாதி திறந்திருந்தது. நான் கேமராவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

ஸ்டெஃபான் வந்தார். “வீட்டுக்குப் போ. நான் கூப்பிடும் வரைக்கும் வராதே.”

வேறொன்றும் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தவரை வேலை போய்விட்டது. வேலைகூடப் பரவாயில்லை. அந்தப் பெண் யார், பிழைத்தாளா, என்ன ஆனாள்? ஒன்றும் தெரியாமல் வீட்டுக்கு நடந்தேன்.

4

எனக்கு ஏன் முதலில் பிளாஷ் மேலேயே சந்தேகம் போனது என்றால், அதற்கு ஒரு காரணம் பழனியில் இருக்கிறது.

பாயிடம் சேர்ந்த புதிதில் பழனியில் ஒரு லாட்ஜ் ஹாலில் காதுகுத்து. ஆசாரி ஊசியை வைக்கும் நேரம், குழந்தையின் முகத்துக்கு மிக அருகில் போய் பிளாஷ் அடித்தேன். அடுத்த சில நிமிடங்களில் குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது. அதன் தாய் என் சட்டையைப் பிடித்து, “கண்ணுக்குள்ளயே அடிச்சுப்புட்டானே பாவி” என்று கதறினாள். பாய் குறுக்கே வந்து நின்றார். குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாங்கள் சாமானைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். அதன் பிறகு ரொம்ப நாள் குழந்தைகள் பக்கம் கேமராவைத் திருப்பவே கை வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெயந்தி இரவு டூட்டி முடிந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

“கை கால் வெட்டி இழுத்துச்சுங்களா?” என்று கேட்டாள்.

“தெரியல.”

“வாயில நுரை?”

“இருட்டு ஜெயந்தி. எனக்கு ஒண்ணும் தெரியல.”

“ஏனுங்க, மேடையில வெட்டி வெட்டி லைட்டு எரியுதுன்னு நீங்கதான சொல்லுவீங்க? அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாத பொண்ணுக்கு, உங்க ஒரு பிளாஷுக்கா ஆயிரப் போகுது? அது ரொம்ப அபூர்வமுங்க. கூட்டத்துல மயக்கம் போட ஆயிரம் காரணம் இருக்குது.”

“அபூர்வம்னுதான சொல்ற. ஆகவே ஆகாதுன்னு சொல்லலையே.”

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். நர்ஸுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“எந்த ஆஸ்பத்திரின்னு விசாரிச்சு, அந்தப் பொண்ணு எப்படி இருக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லேன்.”

“கேட்டா என் வேலை போயிருமுங்க. சொந்தக்காரங்க இல்லாதவங்களுக்கு இங்க வாயத் தொறக்க மாட்டாங்க. மொதல்ல ரெண்டு வாய் சாப்பிடுங்க.”

 மத்தியானம் பாய்க்குப் போன் போட்டேன். பழனிக் குழந்தையைப் பற்றி இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்.

“அந்தப் புள்ளையா? பொழச்சிருச்சுடா. மறுநாள் அவுக மாமன் வந்து மிச்சப் படத்த வாங்கிட்டுப் போனான். உனக்குச் சொல்லலையா நான்?”

“சொல்லல பாய். பிளாஷாலதான் வந்துச்சா?”

“அது எனக்கு எப்புடித் தெரியும்? அதுக்கு முன்ன வந்துருக்கோ என்னமோ, அவுகளும் சொல்லல, நானும் கேக்கல. புள்ள நல்லாருக்கு, அம்புட்டுத்தான் தெரியும். நீ எதுக்குடா இப்ப அதப் போட்டு நோண்டுற?”

அந்தக் குழந்தை நன்றாக இருக்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி. போனை வைத்தபின் கொஞ்ச நேரம் ஜன்னல் ஓரம் நின்றேன். ஒரு பாதி பாரம் இறங்கியது. மறு பாதி அப்படியேதான் இருந்தது.

5

இது போதாதென்று செவ்வாய்க்கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க நாள் குறித்திருந்தார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த நாள். விட்டால் மறுபடி எப்போது கிடைக்குமோ. ஊரில் ஓர் ஆபீசுக்குப் போனால் தெரிந்த முகம் ஒன்று எங்கேயாவது தட்டுப்படும், அவரைப் பிடித்து விஷயத்தைச் சொல்லலாம். இங்கே என்னைத் தெரிந்தவர் யாரும் கிடையாது, என் காகிதங்களை மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ஜெயந்தி கூட வந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். வாடகை ஒப்பந்தம், காப்பீடு, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். “உங்கள் மேல் ஏதாவது வழக்கு, விசாரணை நடக்கிறதா?”

இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம்.  “தெரியவில்லை” என்றேன்.

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சனிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். திணறிய இடத்தில் ஜெயந்தி எடுத்துக்கொடுத்தாள்.

“போலீஸ் வந்ததா?”

“இல்லை.”

“புகார் யாராவது கொடுத்திருக்கிறார்களா?”

“எனக்குத் தெரிந்து இல்லை.”

“அப்படியானால் உங்களைக் குற்றம் சொல்வது யார்?”

 ஜெயந்தி என்னைக் கையால் காட்டி, “இவர்தான்” என்றாள்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார். “அது இந்த அலுவலகத்தின் வேலை அல்ல” என்று சொல்லி அடுத்த தாளை எடுத்தார். அனுமதி கிடைத்துவிட்டது. வெளியே வந்ததும் ஜெயந்தி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளும் இத்தனை நேரம் பயந்துகொண்டுதான் இருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

6

கயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரும்போது சின்னப் பிள்ளை. இப்போது “நான் பதினாலு, அப்பா” என்கிறாள். எனக்குப் பதினாலு வயசு என்பது அவள் வாயில் அப்படி வருகிறது, ஜெர்மனில் அப்படித்தான் சொல்வார்களாம். ஒட்டன்சத்திரத்துத் தாத்தாவை வீடியோவில் “நீ சாப்டியா?” என்று கேட்டுவிட்டாள். பேரப்பிள்ளைகளைக்கூட வாங்க போங்க என்று கூப்பிடும் மனிதர். “ஏங்கண்ணு, பேத்தி என்னைய ‘நீ’ங்குதே” என்று ஜெயந்தியிடம் வருத்தப்பட்டுக்கொண்டார். வீட்டில் கயல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் அவள் பேசுவதில் பாதி எனக்குப் புரிவதில்லை. என் வேலையைப் பற்றி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், நான் சோபாவில் கிடப்பதைப் பார்த்தாள்.

“அப்பா, நீ சனிக்கிழமை படமெல்லாம் அனுப்பிட்டியா?”

“இல்ல.”

“அந்த அக்கா படத்தப் பாத்தியா?”

“பாக்கல. பாக்கவும் மாட்டேன்.”

“நான் பாக்கட்டா?”

 அவளே கேமராவிலிருந்து மெமரி கார்டை உருவிக் கணினியில் போட்டாள். க்ளிக் க்ளிக் என்று தள்ளும் சத்தம் கேட்டது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்.

“அப்பா, இது மட்டும் ஏன் நேரா இருக்கு?”

“எது?”

“பச்சைக் கோடு. மத்தவங்களுக்கெல்லாம் வட்டம் வட்டமா இருக்கு, பாம்பு மாதிரி இருக்கு. இந்த அக்காவுக்கு மட்டும் மேலேர்ந்து கீழ நேரா வருது. கீழ வந்து கை முடியுது.”

“வளையத்தோட வெளிச்சம்மா அது. ஷட்டர் தொறந்திருக்குறப்ப கை எங்கெல்லாம் போச்சோ அங்கெல்லாம் கோடு விழும். கடைசியிலதான் பிளாஷ் அடிக்கும். பிளாஷ் அடிக்கிறப்ப கை எங்க இருக்கோ, அங்க தெளிவா...”

 எழுந்து போய்த் திரையைப் பார்த்தேன்.

தோழிகளின் வளையங்கள் சுழித்துச் சுழித்து ஓடியிருந்தன. குட்டை முடிப் பெண்ணின் வளையம் மட்டும் தோள் உயரத்திலிருந்து இடுப்புக்கும் கீழே ஒரே கோடாக இறங்கியிருந்தது. கோட்டின் அடி முனையில் அவள் கை, பிளாஷில் தெளிவாக. முழங்கால் மடிந்திருந்தது. தலை பின்னால் சரிந்து, கண் மூடியிருந்தது. பிளாஷ் முதலில் அடித்து அதனால் அவள் விழுந்திருந்தால், கை கோட்டின் மேல்முனையில் தெளிவாக இருந்திருக்க வேண்டும். கை கீழே இருக்கிறது. நான் வெளிச்சம் அடிக்கும் முன்பே அவள் விழ ஆரம்பித்திருந்தாள்.

நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

“என்னாச்சு? ஏன் அழுற?” என்றாள் கயல்.

ஷட்டர், பிளாஷ், கோடு என்று திரும்பத் திரும்ப விளக்கினேன். பென்சிலை வைத்துக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். புரிந்ததும் அவள், “அம்மா!” என்று கத்திக்கொண்டே தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்ப ஓடினாள். ஜெயந்தி பாதித் தூக்கத்தில் வந்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, “முகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது பாருங்க, பிரஷர் எறங்கியிருக்குது. நான் அப்பவே சொன்னனுங்க” என்றாள். அன்றைக்கு ராத்திரி மூன்று பேரும் ரசமும் முட்டைப் பொரியலும் வைத்துச் சாப்பிட்டோம். கயல் படத்தை எப்படி எடுப்பது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அறைக் கதவு சாத்தப்படவில்லை.

7

வியாழக்கிழமை ஸ்டெஃபான் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டுக் கயலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

“எலக்ட்ரீஷியன்கள் இத்தனை நாளும் ஒவ்வொரு வயராகச் சோதித்துவிட்டார்கள். ஒரு கோளாறும் இல்லை. நாளைக்குத் திறக்கிறோம். நீ வருகிறாய்தானே?”

வராதே என்று அவர் சொன்னது வயரைச் சோதித்து முடிக்கும் வரைதான். என்னை வேலையை விட்டு நிறுத்தும் நினைப்பே அவருக்கு இருந்திருக்கவில்லை. நான் சொன்ன ப்ளிட்ஸ் கேமராவின் பிளாஷ் என்பதைக் கயல் அவருக்கு விளக்கினாள்.  மறுமுனையில் பெருமூச்சு ஒன்று கேட்டது.

“ப்ளிட்ஸ்லிஷ்ட்” என்றார் ஸ்டெஃபான். மின்னல் வெளிச்சம் என்று பொருள், கேமரா பிளாஷுக்கு அதுதான் முழுப் பெயராம். “அடுத்த தடவை ப்ளிட்ஸ்லிஷ்ட் என்று முழுசாகச் சொல். தயவுசெய்து.”

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஜாக்கெட்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், எடுத்துக்கொள்ள வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவாள் என்றார்.

வெள்ளிக்கிழமை கயலும் கூட வந்தாள். “நீ தனியாப் பேசுனா மறுபடியும் மின்னல் விழும்” என்றாள். கூடம் இன்னும் திறக்கவில்லை, உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தார்கள். குட்டை முடிப் பெண் வந்தாள். பெயர் யூலியா. ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறவள். நான் போய் முன்னால் நின்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஜெர்மன் வாக்கியம் எதுவும் வரவில்லை. கயல்தான் பேசினாள்: சனிக்கிழமை படம் எடுத்தவர் இவர், என் அப்பா, தன்னுடைய பிளாஷால் உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நாலு ராத்திரி தூங்கவில்லை.

யூலியா வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாள். “பிளாஷா? எனக்கு பிளாஷ் ஞாபகமே இல்லை. அதற்கு முன்னாலேயே காதில் ஙொய் என்று கேட்டது, கண்ணெல்லாம் கறுத்துவிட்டது.” அன்றைக்கு இன்னொருத்தியின் வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். காலையில் பாதி ரொட்டி தின்றதோடு சரி. அதோடு அந்தப் புழுக்கத்தில் போய் ஆடியிருக்கிறாள். “முட்டாள்தனம் என்னுடையது. நீங்கள் ஏன் தூங்காமல் இருந்தீர்கள்?”

கயல் இதைத் தமிழில் சொல்லும்போது, “அவங்க ஸ்டுப்பிட், நீ இல்லையாம்” என்று சுருக்கிவிட்டாள்.

படம் இருக்கிறதா என்று யூலியா கேட்டாள். கேமராவில் காட்டினேன். பச்சைக் கோட்டைக் கயல் விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினாள், நான் அவளுக்கு விளக்கியதை விடவும் நன்றாக. யூலியா ரொம்ப நேரம் பார்த்தாள். இதை எங்கேயும் போட வேண்டாம், எனக்கு மட்டும் அனுப்புங்கள் என்றாள். சரி என்றேன். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கதவு வரை போனவள் திரும்பி வந்தாள்.

“ஒழுங்கான படம் ஒன்று எடுங்கள். அம்மாவுக்கு அனுப்ப வேண்டும்.”

உள்ளே விளக்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நீலமும் சிவப்பும் மாறி மாறிச் சுவரில் ஓடின. யூலியா நடுக்கூடத்தில் போய் நின்றாள். நான் தூரத்தை அளந்து நின்றேன்.  கயல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கேமராவைத் தூக்கிப் புருவத்தை உயர்த்தினேன். யூலியா தலையாட்டினாள். இன்னும் ஒரு தடவை உயர்த்தினேன். “யா, யா” என்று சிரித்தாள்.

எடுத்தேன். பிளாஷ் அடித்தது.

யூலியா நின்றுகொண்டிருந்தாள்.